இருபது மணி நேரக் கணக்கு: பிரிட்டனில் மாணவர் விசாவும் பகுதிநேர வேலையும்

பிரிட்டனில் படிக்கச் செல்லும் வெளிநாட்டு மாணவர், பகுதிநேர வேலை தேடப் புறப்படும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 2026 ஏப்ரல் முதல் அந்நாட்டில் 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு; 18 முதல் 20 வயது வரையுள்ளவர்களுக்கு 10.85 பவுண்டு. பட்டப்படிப்போ முதுநிலைப் படிப்போ படிக்கும் மாணவருக்குக் கல்விப் பருவத்தில் விசா அனுமதிக்கும் உச்ச அளவு வாரத்துக்கு 20 மணி நேரம் என்பதால், 21 வயதைத் தாண்டிய ஒருவர் குறைந்தபட்ச ஊதிய வேலையில் ஒரு வாரமும் விடாமல், ஒரு மணி நேரமும் குறையாமல் உழைத்தாலும் வாரத்துக்கு 254 பவுண்டும் சில்லறையும், மாதச் சராசரியில் ஏறத்தாழ 1,100 பவுண்டும்தான் ஈட்ட முடியும். அதே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, கல்விக் கட்டணம் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்கென்றே லண்டனில் மாதம் 1,529 பவுண்டும் லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டும் வீதம் ஒன்பது மாதங்கள் வரைக்குமான தொகையை வங்கியில் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் இருந்து நடைமுறையில் உள்ள விதி. மாணவர் ஒருவர் வாழக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று அந்நாட்டு அரசே வரையறுத்துள்ள தொகையை, அதே அரசு அனுமதிக்கும் உழைப்பு முழுவதையும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு விற்றாலும் எட்ட முடிவதில்லை.

எனவே, போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை பார்த்தே ஃபீஸைக் கட்டிவிடலாம் என்று ஊரில் முகவர்கள் சிலர் பெற்றோருக்குச் சொல்லும் ஆறுதல் கூட்டிக் கழித்துப் பார்க்காதவர்களுக்கு மட்டுமே ஆறுதல். கல்விக் கட்டணத்தின் இரண்டாம் தவணையையோ ஊரில் வாங்கிய கல்விக் கடனின் வட்டியையோ பகுதிநேர வேலையை நம்பித் திட்டமிட்ட மாணவர், சில மாதங்களிலேயே 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டிய நெருக்கடிக்குத் தம்மைத் தாமே தள்ளிக்கொள்கிறார். இந்த இயலில் பின்னர் விவரிக்கப்படும் இடர்கள் பெரும்பாலும் அந்த நெருக்கடியில் இருந்தே முளைக்கின்றன. வாடகையில் ஒரு பங்கு, மளிகைச் செலவு, பயணச் செலவு, அத்துடன் அடுத்த வேலைக்குச் சான்று சொல்லக்கூடிய ஒரு மேலாளர் ஆகியவற்றையே பகுதிநேர வேலையிடம் எதிர்பார்க்கலாம். அந்த அளவில் அது பயனுள்ளது.

வாரம் எது, பருவம் எது

விசா நிபந்தனையில் சொல்லப்படும் 20 மணி நேரம் சராசரிக் கணக்கு அன்று. ஒரு வாரம் 25 மணி நேரம் வேலை செய்துவிட்டு அடுத்த வாரம் 15 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பவர் முதல் வாரத்திலேயே நிபந்தனையை மீறிவிட்டவராகிறார். வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஏழு நாள். நிறுவனங்கள் சிலவற்றின் சம்பள வாரம் ஞாயிறு அன்றோ வேறொரு நாளிலோ தொடங்குவதால், சம்பளச் சீட்டில் இரு வாரங்களும் 20 மணி நேரம் என்று ஒழுங்காகத் தெரிந்தாலும், திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணும்போது ஒரு வாரத்தில் 24 மணி நேரம் வந்துவிடக்கூடும். ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடியும் இரவு ஷிப்டில் நள்ளிரவோடு வாரமே மாறிவிடுகிறது. முதல் 2 மணி நேரம் பழைய வாரத்திலும் மீதி 6 மணி நேரம் புதிய வாரத்திலும் சேரும். இவற்றையெல்லாம் மேலாளர் கவனித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது விவேகமன்று. அவர் முன் இருப்பது கடையின் ஷிப்ட் அட்டவணை; மாணவரின் விசா அன்று. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம் ஆகிய நான்கையும் ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதிவைப்பது இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் செய்யக்கூடிய வேலைதான்; பின்னாளில் கேள்வி எழும்போது அதைவிட நல்ல சாட்சி வேறு இருக்காது.

இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டின் மணிகளும் கூட்டப்படும். சம்பளமில்லாத வேலையும் இந்தக் கூட்டலில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இங்கு விதி ஒரு நுண்ணிய வேறுபாட்டைச் செய்கிறது: தொண்டு அமைப்பு ஒன்றில், வர வேண்டும் என்ற கட்டாயமும் ஒப்பந்தமும் இல்லாமல், ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்பாமல் செய்யும் தன்னார்வச் சேவை 20 மணி நேரத்துக்குள் எண்ணப்படாது, குறித்த நேரத்தில் வந்து குறித்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற கடமையோடு சம்பளமில்லாமல் செய்யப்படுவது வேலையாகவே எண்ணப்படும். படிப்பின் பகுதியாக, மதிப்பெண்ணுக்கு உட்பட்டு அமையும் பணிப்பயிற்சிக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது. பட்ட நிலைக்குக் கீழான படிப்பில் சேர்ந்தவர்களுக்கு வரம்பு 20 அன்று, 10 மணி நேரமே என்பதையும் அடித்தள வகுப்புகளில் சேருவோர் கவனிக்க வேண்டும்.

விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்ற சலுகை உண்மையானதே. ஆனால் விடுமுறை எது என்பதை நாட்காட்டியோ வெயிலோ தீர்மானிப்பதில்லை. குறிப்பிட்ட படிப்புக்குப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள பருவக் காலமே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து செல்வோரில் பலரும் சேரும் ஓராண்டு முதுநிலைப் படிப்பில்தான் இது பெரிய கண்ணியாகிறது. இளநிலை மாணவர்களுக்கு ஜூனில் கோடை விடுமுறை தொடங்கும்போது, முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் காலம் தொடங்குகிறது. வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, வளாகமே வெறிச்சோடிக் கிடக்கிறது என்றாலும் விசாவின் பார்வையில் அது கல்விப் பருவமே. பக்கத்து அறையில் இருக்கும் இளநிலை மாணவர் வாரம் 40 மணி நேரம் வேலைக்குப் போவதைக் கண்டு, அதே கடையில் அதே ஷிப்டில் சேரும் முதுநிலை மாணவர் அறியாமலேயே விதியை மீறுகிறார். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு எடுக்கும் விடுப்பே அவர்களுக்கு விடுமுறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இடைவேளைகள் தம் படிப்புக்கு விடுமுறையாகக் கருதப்படுகின்றனவா என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே பாதுகாப்பானது. மாணவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனமும் பருவத் தேதிகளுக்கான சான்றை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், அந்தக் கடிதம் எப்படியும் தேவைப்படும்.

செய்யவே கூடாதவை

மணி நேர வரம்புக்குள் இருந்தாலும் மாணவர் விசாவில் செய்யக்கூடாத வேலைகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது சுயதொழில். சுயதொழில் என்றவுடன் கடை வைப்பதும் நிறுவனம் தொடங்குவதுமே நினைவுக்கு வரும். நடைமுறையில் மாணவர்கள் சிக்குவது உணவு விநியோகச் செயலிகளில். டெலிவரூ, ஊபர் ஈட்ஸ் போன்றவற்றில் சைக்கிளில் உணவு கொண்டுசெல்வோர் அந்நிறுவனங்களின் ஊழியர்களாக நடத்தப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தொழில் செய்பவர் என்றே பதிவாகிறார். 2023 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், டெலிவரூ ஓட்டுநர்களின் கூட்டுப்பேர உரிமை குறித்த வழக்கில், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை அவர்களுக்கு இருப்பதை முக்கியக் காரணமாகக் கொண்டு, நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் இடையே வேலைவாய்ப்பு உறவு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாரம் 5 மணி நேரம் மட்டுமே ஓட்டினாலும் மாணவருக்கு அது மீறல்தான். பதிலாளை அனுப்பும் அந்த உரிமையே இன்னொரு சிக்கலுக்கும் வழிவிட்டது: தம் பெயரில் உள்ள கணக்கை வாரத்துக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவோர் கிளம்பினர். வாடகைக் கணக்கில் ஓட்டுபவருக்கு விபத்து நேர்ந்தாலும், உரிமையாளர் பணத்தைத் தராமல் ஏமாற்றினாலும், முறையிட ஓர் இடமும் இராது.

அறையில் அமர்ந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்குத் தனிப்பட்ட முறையில் மென்பொருள் எழுதித் தருவதும், வீடு வீடாகச் சென்று கணக்குப் பாடம் சொல்லித் தந்து நேரடியாகக் கட்டணம் வாங்குவதும் சுயதொழிலின் வரையறைக்குள்ளேயே விழும். பணம் எந்த நாட்டில் இருந்து வருகிறது என்பதைவிட, உழைப்பு எந்த நாட்டில் நிகழ்கிறது என்பதே இங்குப் பொருட்டு. கேளிக்கைக் கலைஞராகவோ தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ பணிபுரிவதும் தடை செய்யப்பட்டிருப்பதால், கோயில் விழாவிலோ தமிழ்ச் சங்க மேடையிலோ பாடவும் ஆடவும் அழைக்கப்படும் மாணவர்கள், சன்மானம் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே பல்கலைக்கழக ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. நிரந்தர முழுநேரப் பணியிடம் ஒன்றை நிரப்பவும் மாணவருக்கு அனுமதியில்லை.

எங்கே தேடுவது

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் பல்கலைக்கழக வளாகமே. நூலக உதவியாளர், புதிய மாணவர்களை வரவேற்று வளாகத்தைச் சுற்றிக்காட்டும் மாணவத் தூதுவர், தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர், மாணவர் சங்கத்தின் உணவகப் பணியாளர் என்று வளாகத்துக்குள் பலவகை வேலைகள் இருக்கின்றன. யூனிடெம்ப்ஸ் போன்ற வளாக வேலைவாய்ப்பு அமைப்புகள் இவற்றுக்கு ஆள் எடுக்கின்றன. சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சற்று மேலாகவே இருக்கும் என்பதைவிட, 20 மணி நேர விதியை அறிந்தவர்களே ஷிப்ட் போடுகிறார்கள் என்பது பெரிய நன்மை. மாணவரின் விசாவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் நிறுவனமே பல்கலைக்கழகம்தான். மீறல் தெரியவந்தால் அதை உள்துறைக்கு அறிவிக்கும் கடமையும் அதற்கு உண்டு. எனவே தன் வளாகத்துக்குள் அது எச்சரிக்கையாகவே இருக்கும். குறை ஒன்றே: இடங்கள் சில, போட்டியாளர்கள் பலர்.

வளாகத்துக்கு வெளியே பெரிய அங்காடிகளே அதிக ஆட்களை எடுப்பவை. டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், ஆல்டி, லிடில் போன்றவை கிறிஸ்துமஸ் பருவத்துக்கான தற்காலிகப் பணியாளர்களைத் தேட இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. செப்டம்பர் நடுவில் வந்திறங்கும் மாணவர், ஊர் பழகட்டும், முதல் பருவத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு ஜனவரியில் விண்ணப்பிக்கப் போனால், அப்போது பருவகால ஊழியர்களே வீட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பிக்க ஏற்ற மாதம் வந்திறங்கிய முதல் மாதம்.

முதியோரையும் நோயுற்றோரையும் பராமரிக்கும் பணிக்கு ஆள் தேவை எப்போதும் உண்டு. இதற்கு டி.பி.எஸ். எனப்படும் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு தேவைப்படுவதால் சேருவதற்குச் சில வாரங்கள் ஆகும். வீடு வீடாகச் சென்று பராமரிப்போர் ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் பயண நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரமே. அந்த நேரத்தை விட்டுவிட்டுக் கணக்கிடும் நிறுவனம் சட்டம் கேட்கும் கூலியைத் தருவதில்லை என்று பொருள். காவல் பணிக்கு, பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஐ.ஏ. அமைப்பின் உரிமம் தேவை. உணவகங்களில் உணவுச் சுகாதாரச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இணையவழியில் சில மணி நேரத்தில் பெற்றுவிடலாம்.

தமிழ் மாணவருக்கு மட்டும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் முதலிய பகுதிகளிலும் லண்டனுக்கு வெளியிலும் மளிகைக் கடைகளையும், பேச்சுவழக்கில் ‘பெற்றோல் செட்’ என்று சொல்லப்படும் எரிபொருள் நிலையங்களையும் நடத்துவோரில் ஈழத் தமிழர் பலர். 1983க்குப் பின் அகதிகளாக வந்து, இதே கல்லாக்களில் இரவு ஷிப்ட் பார்த்து, பிறகு அவற்றை விலைக்கு வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு என்பதால், புதிதாக வந்தவரின் தடுமாற்றம் அவர்களுக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் தயங்கும் மாணவருக்கும் அங்கே வேலை கிடைக்கும்; நேர்காணல் என்பது பெரும்பாலும் ஒரு தேநீரோடு முடிந்துவிடும். இந்த எளிமையே கவனிக்க வேண்டியதும் ஆகிறது. அண்ணா, தம்பி என்று தொடங்கும் உறவில் மணிக்கு எவ்வளவு, சம்பளச் சீட்டு உண்டா, விடுப்புச் சம்பளம் எப்படி என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். கேட்காமல் சேர்ந்த பின் கேட்பது அதைவிடக் கடினம். சேரும் முதல் நாளிலேயே பணி விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்பது 2020 ஏப்ரலில் இருந்து எல்லா முதலாளிகளுக்கும் உள்ள சட்டக் கடமை என்பதால், அதைக் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. கல்லாவில் நிற்பவர் அறிய வேண்டிய இன்னொன்று: மதுவோ சிகரெட்டோ வாங்க வருபவர் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம், 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்றால் விற்ற ஊழியரின் பெயரிலேயே அபராதம் வரலாம்.

சி.வி. என்பது பயோடேட்டா அன்று

தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கீழே உண்மை என உறுதி கூறும் ஒரு வரி, கையொப்பம் என்று அமையும் ஊர் பயோடேட்டாவை அப்படியே அனுப்பும் மாணவர், அந்த ஒரு தாளிலேயே தாம் புதியவர் என்பதை அறிவித்துவிடுகிறார். வயது, மதம், இனம், திருமண நிலை முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடை செய்கிறது. அதனால் அந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளவே நிறுவனங்கள் விரும்புவதில்லை. கடை வேலைக்கான சி.வி. ஒரு பக்கமும், அதிகம் போனால் இரண்டு பக்கமும் போதும். பொறியியல் பட்டத்தின் மதிப்பெண் சதவீதத்தைவிட, சித்தப்பாவின் மருந்துக் கடையில் இரண்டு கோடைகாலம் கல்லாவில் இருந்தது இந்த வேலைக்குப் பெரிய தகுதி. அதை எழுதக் கூச்சப்படுவோர் எழுத வேண்டியதையே விட்டுவிடுகிறார்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும் என்ற விவரம் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலாளர் தேடிக்கொண்டிருப்பது சனிக்கிழமை மாலைக்கு ஓர் ஆள்; அறிவாளியை அன்று.

வேலை உறுதியானதும் நிறுவனம் மாணவரின் பணி உரிமையைச் சரிபார்க்கும். 2024ஆம் ஆண்டின் இறுதியோடு பழைய விசா அட்டைகள் காலாவதியாகி, விசா நிலை முழுவதும் மின்னணு வடிவில் இ-விசாவாக மாறிவிட்டது. மாணவர் அரசு இணையதளத்தில் தம் கணக்கில் இருந்து ‘ஷேர் கோட்’ எனப்படும் பகிர்வுக் குறியீட்டை எடுத்துத் தர வேண்டும். பணி உரிமைக்கான குறியீடு ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். இதற்காகப் பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வரத் தேவையில்லை; வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் முதலாளியிடம் வேலையே வேண்டாம். வரி, காப்பீட்டுக் கணக்குக்கான தேசியக் காப்பீட்டு எண்ணுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும் முன்பும் வேலையில் சேரலாம் என்பதை அறியாமல் வாரக்கணக்கில் காத்திருப்போரும், வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகருக்குப் பணம் கொடுப்போரும் உண்டு. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்பணம் கேட்கும் வாட்ஸ்அப் அழைப்பு எதுவானாலும் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம்.

ரொக்கக் கூலியின் கணக்கு

சம்பளத்தை ரொக்கமாகத் தருவதே குற்றம் என்று கருதுவது சரியன்று. சம்பளச் சீட்டு கொடுத்து, வரி பிடித்து, அரசுக்குக் கணக்குக் காட்டிவிட்டு நோட்டாகவே கையில் தந்தாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதே. சிக்கல், கணக்கில் ஏறாத ரொக்கத்தில் இருக்கிறது. வழக்கமான ஏற்பாடு இப்படி அமையும்: முதல் 20 மணி நேரத்துக்குச் சம்பளச் சீட்டு, அதற்கு மேல் செய்யும் மணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழான ஒரு தொகை உறையில். மாணவருக்கு அது கூடுதல் வருமானமாகத் தோன்றுகிறது. முதலாளிக்கோ மலிவான கூலி என்பதோடு ஒரு பிடியும் கிடைக்கிறது. உறையில் பணம் குறைந்தாலோ இரண்டு வாரம் தள்ளிப்போனாலோ, தாமே விதியை மீறிவிட்ட மாணவரால் வெளியே சொல்ல முடிவதில்லை. அனுமதியின்றி வேலை செய்வது 2016ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தால் தனிக் குற்றமாக்கப்பட்டது; அவ்வாறு ஈட்டிய கூலியைக் குற்ற வருமானமாகக் கருதிப் பறிமுதல் செய்யவும் இடமுண்டு. விசா ரத்தாகலாம், படிப்பு பாதியில் நின்றுபோகலாம், படிப்புக்குப் பின் மணி நேர வரம்பே இல்லாமல் வேலை செய்ய அனுமதிக்கும் பட்டதாரி விசாவுக்கான வழியும் அடைபடலாம். நிறுவனத்துக்கான அபராதம் 2024 பிப்ரவரியில் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரையிலும், மீண்டும் பிடிபட்டால் 60,000 பவுண்டு வரையிலும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு ஒழுங்கான நிறுவனங்கள் மாணவர்களின் மணிக்கணக்கில் மேலும் கறாராயின. ஒழுங்கற்றவை மேலும் மறைவாயின.

வரம்புக்குள் நின்று உழைக்கும் மாணவரின் நிலை இதற்கு முற்றிலும் வேறானது. குறைந்தபட்ச ஊதியம், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிப்டில் 20 நிமிட இடைவேளை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகிய எல்லாவற்றிலும் அந்நாட்டுக் குடிமகனுக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு. வாடிக்கையாளர் தரும் டிப்ஸை ஊதியத்தின் பகுதியாகக் காட்டக் கூடாது. 2024 அக்டோபரில் இருந்து அது முழுவதும் ஊழியர்களுக்கே நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். குறை இருந்தால் ஏகாஸ் எனும் பொது அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. குறிப்பேட்டில் எழுதிவைத்த மணிகள் பேசத் தொடங்குவது அப்போதுதான்.

எத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதியை முதலாளி தராத ஒப்பந்தத்துக்குப் பூஜ்ய மணி நேர ஒப்பந்தம் என்று பெயர். மாணவர் வேலைகளில் இது மிகவும் பரவலானது. ஒரு வாரம் 20 மணி நேரம் கிடைக்கும், அடுத்த வாரம் நான்கே மணி நேரம் கிடைக்கும். வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்று அத்தகைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் 2015ஆம் ஆண்டில் இருந்து அந்த விதி செல்லாது. இரண்டாவது வேலை தேடுவதைத் தடுப்பது விசாவின் கூட்டல் கணக்கு மட்டுமே.

சம்பளச் சீட்டை வாசித்தல்

மணிக்கணக்கில் சம்பளம் மாறும் ஊழியருக்கு, எத்தனை மணி நேரத்துக்கான சம்பளம் என்பதைச் சீட்டில் காட்ட வேண்டும் என்பது 2019 ஏப்ரலில் இருந்து சட்டம். முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்; அது குறிப்பேட்டோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்தது வரிக் குறியீடு. 1257எல் என்று இருந்தால், ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லை என்று பொருள். சேரும்போது தரப்படும் தொடக்கப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் தற்காலிகக் குறியீடு போடப்பட்டு, தேவையற்ற வரி பிடிக்கப்படலாம், ‘பி.ஆர்.’ என்ற குறியீடு இருந்தால் முதல் பவுண்டில் இருந்தே 20 சதவீதம் போய்விடும். பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 அன்று முடிவதால், அக்டோபரில் வேலைக்குச் சேரும் மாணவரின் முதல் வரி ஆண்டு ஆறே மாதம்தான். அதற்குள் 12,570 பவுண்டை அவர் எட்ட மாட்டார் என்பதால், பிடிக்கப்பட்ட வருமான வரி முழுவதும் திரும்பக் கேட்கத்தக்கது. தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் வேறு: வாரம் 242 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 8 சதவீதம். வாரம் 254 பவுண்டு ஈட்டுபவருக்கு அது ஏறத்தாழ ஒரு பவுண்டுதான். ஆனால் அது திரும்பி வராது.

முதுநிலை மாணவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொரு பிடித்தம் ஓய்வூதியம். 22 வயது நிறைந்து, ஆண்டுக்கு 10,000 பவுண்டு என்ற வீதத்துக்கு மேல் ஈட்டுபவரை முதலாளி தாமாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். முழு 20 மணி நேரம் உழைக்கும் மாணவர் இந்த வீதத்தைத் தாண்டிவிடுகிறார். முதலாளி தம் பங்கையும் செலுத்துவார் என்பது உண்மையே. ஆனாலும் 2028க்குப் பின் 57 வயதில்தான் கைக்கு வரும் பணம், இந்த மாத வாடகைக்குத் திண்டாடும் 23 வயதுக்காரருக்கு எந்த அளவு உதவும் என்பது அவரவர் எண்ணிப் பார்க்க வேண்டியது. வேண்டாம் என்றால் சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகிக்கொள்ளலாம். பிடித்த தொகை திரும்ப வந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்கான அறிவிப்புக் கடிதம் பெரும்பாலும் படிக்கப்படாத மின்னஞ்சல்களுக்கு நடுவே கிடக்கிறது.

வேலையை விட்டு விலகும்போது வாங்க வேண்டியவை இரண்டு. எடுக்காத விடுப்புக்கான சம்பளம் ஒன்று. ஒழுங்கற்ற மணிகளில் வேலை செய்தவருக்கு உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம் என்ற கணக்கில் விடுப்பு சேர்ந்திருக்கும், அதாவது 20 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம். முதலாளிகள் சிலர் ஒவ்வொரு சம்பளத்திலும் அதைச் சேர்த்தே கொடுத்துவிடுவதால் சீட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். மற்றொன்று பி45 எனும் படிவம். அதுவரை ஈட்டியதையும் கட்டிய வரியையும் காட்டும் அதை அடுத்த முதலாளியிடம் கொடுத்தால்தான் சரியான வரிக் குறியீடு கிடைக்கும். படிப்பை முடித்து நாடு திரும்புபவர் அதன் நகலோடு பி85 படிவத்தையும் வரித்துறைக்கு அனுப்பி, மிகையாகக் கட்டிய வரியைக் கோரலாம். அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை கோரிக்கை செல்லும் என்பதால், ஊருக்குக் கட்டும் பெட்டியில் பட்டச் சான்றிதழ் உள்ள உறையிலேயே பி45க்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.